முடிசூடும் பெருமாளும் முத்துக்குட்டியும்: ஒரு குழந்தையின் பெயர்மீது ஊர் சொன்ன கருத்து

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் பிறரிடம் கருத்துக் கேட்பது இன்றைய பழக்கம் அன்று. தாய்மாமன், மூத்தோர், சோதிடர், கோயில் பூசாரி எனக் கருத்துச் சொல்லும் உரிமை பெற்றோர் வட்டம் ஒன்று எக்காலத்திலும் இருந்துவந்துள்ளது. கேரளத்தில் பல சமூகங்களில் இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டி, பெயரை அதன் காதில் மெல்லச் சொல்லும் வழக்கம் உண்டு. பெயர் முதலில் குழந்தையின் செவியைச் சேர்கிறது. பிறகே ஊரின் நாவுக்குப் போகிறது. ஆனால் பெயரை நாள்தோறும் சொல்லப்போவது ஊர்தான். அந்த ஊர் ஒரு பெயரைச் சொல்ல மறுத்தால் என்ன ஆகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூர் வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட அவ்வரசில் நான்காண்டு இடைவெளியில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. 1809ஆம் ஆண்டையொட்டி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் (அன்றைய சாஸ்தான்கோயில்விளை) பொன்னு நாடார், வெயிலாள் இணையருக்குப் பிறந்தது ஒன்று. 1813இல் அரண்மனையில் ராணி கௌரி லட்சுமி பாய்க்குப் பிறந்தது மற்றொன்று.

அரண்மனைக் குழந்தைக்குப் பெயர் சூட்டுவதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. திருவிதாங்கூர் அரச மரபில் பிறந்த நட்சத்திரமே அழைப்புப் பெயர். அதனுடன் 'திருநாள்' சேரும். அனிழம் திருநாள், கார்த்திகைத் திருநாள் என்னும் வரிசையில் இக்குழந்தை சுவாதித் திருநாள் ஆயிற்று. இயற்பெயரான ராம வர்மாவும் முன்னோர் வரிசையிலிருந்து வந்ததே. கருவிலேயே அரசுரிமை பெற்றவர் என்னும் பொருளில் 'கர்ப்பஸ்ரீமான்' என்ற அடைமொழியும் சேர்ந்தது. பெயர் வருமுன்பே முடி வந்துவிட்ட குழந்தை அது.

சாஸ்தான்கோயில்விளைக் குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் 'முடிசூடும் பெருமாள்'. திருமாலிடம் பற்றுக்கொண்ட குடும்பம் அது. கிரீடம் அணிந்த திருமால் என்பதே அவர்கள் கருதிய பொருள். ஆனால் அன்று 'சாணார்' என்று அழைக்கப்பட்ட சமூகத்தின் குழந்தை அப்பெயரைத் தாங்குவதை மேல்சாதியார் ஏற்கவில்லை. அவர்கள் அரசு அதிகாரிகளிடம் முறையிட்டனர் என்றும், அதன்பின் பெற்றோர் பெயரை 'முத்துக்குட்டி' என்று மாற்றினர் என்றும் அய்யாவழி மரபும் அதன்வழி எழுந்த வாழ்க்கை வரலாறுகளும் கூறுகின்றன. இதை ஒரு சமூகம் போற்றிக் காத்த நினைவாகவே அணுக வேண்டும். அந்த நினைவு அன்றைய சமூக ஒழுங்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதே ஆய்வுக்குரியது.

முதலில் பெயரின் சொற்களை நோக்கலாம். திருவிதாங்கூர் மன்னர் இரணியகர்ப்பம் என்னும் பெருஞ்சடங்கைச் செய்வர். பொற்கலத்துள் இறங்கி வெளிவந்த பின்னரே குலசேகர முடியை அணியும் தகுதி அவர்களுக்கு உண்டாகும்; 'குலசேகரப் பெருமாள்' என்னும் பட்டமும் அப்போது வரும். மன்னரின் முழு விருதுப்பெயரில் 'கிரீடபதி' என்ற சொல்லும் உண்டு. முடியும் பெருமாளும் பெரும்பொருள் செலவிட்டு மன்னரே ஈட்டவேண்டிய இரு சிறப்புகள். அவ்விரண்டையும் எச்செலவுமின்றி ஒரு பனையேறிக் குடிக் குழந்தையின் பெயரில் பெற்றோர் இணைத்துவிட்டனர். பக்தியால் வைத்த பெயரை அயலார் அரசியலாகப் படித்ததற்குக் காரணம் இதுவே.

அடுத்து அன்றைய மொழி ஒழுங்கு. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்னும் நூலில் புலையர் பேசவேண்டியிருந்த முறையைப் பதிவுசெய்துள்ளார். மேல்சாதியார் முன் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றே சொல்லவேண்டும். தம் சோற்றைச் சோறு என்னாது 'கரிக்காடி' என்னவேண்டும். தம் பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிடவேண்டும். பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லவே இடமில்லாத ஒழுங்கில், பிள்ளையைப் பெருமாள் என்று அழைப்பது எவ்வாறு பொறுக்கப்படும்?

இதற்குச் சாத்திரத் துணையும் இருந்தது. பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும், சூத்திரனின் பெயர் இழிவையும் உணர்த்தவேண்டும் என்று மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. நால்வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டோர்க்கு அவ்விதி எவ்வளவு கடுமையாகப் பொருந்தியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இங்கு ஒரு தடை எழும். அதே தென்திருவிதாங்கூரில், மயிலாடியில், சாம்பவர் குலத்தில் பிறந்த ஒருவருக்கு 'மகாராசன்' என்று பெயர் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பி, திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறித்தவ வரலாற்றைத் தொடங்கிவைத்தவர் அவர். மகாராசனுக்கு இடமிருந்த நாட்டில் முடிசூடும் பெருமாளுக்கு மட்டும் ஏன் இடமில்லை?

எல்லாக் குடிகளுக்கும் ஒரே சீராகப் பொருந்திய பெயர்ச் சட்டம் ஒன்று இருந்திருந்தால் மகாராசன் என்ற பெயரும் நிலைத்திருக்காது. ஆகவே பெயர்களைத் தடுத்தது எழுதிய விதி அன்று, அயலாரின் கண். ஒரு பெயர் யார் காதில் விழுகிறது, விழுந்தவர்க்கு அதிகாரியின் வாசல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே ஊருக்கு ஊர் முடிவைத் தீர்மானித்தது. எழுதிய விதிக்கு எல்லை உண்டு. அதை மீறுவோர்க்கு எதை மீறுகிறோம் என்பதாவது தெரியும். அண்டை வீட்டாரின் மனக்குறைக்கு அத்தகைய எல்லை இல்லை. முலைவரி, தலைவரி, குடை, செருப்பு, மேலாடை ஆகியவற்றோடு பெயரையும் அன்றைய சாதி அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்து ஆராயவேண்டிய தேவை இதனால் எழுகிறது.

மாற்றி வைத்த பெயரும் கவனத்துக்குரியது. 'முத்துக்குட்டி' வசைச்சொல் அன்று. 'குட்டி' மலையாள வழக்கில் எல்லாச் சமூகத்தாரும் ஏற்ற இனிய பின்னொட்டு. தமிழிலும் செல்லச் சொல். இழிவு அச்சொல்லில் இல்லை. பெற்றோர் தேர்ந்த பெயரைப் பிறர் கேட்டுக்கொண்டபடி கைவிட நேர்ந்ததில் இருக்கிறது.

பின்வந்த வரலாறு பலரும் அறிந்தது. 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி எழுந்த முத்துக்குட்டி, அதன்பின் வைகுண்டர் என்று அறியப்பட்டார். பிறர் வைத்த பெயரை விடுத்து வேறொரு பெயருடன் அவர் மக்கள் முன் நின்றார். தம் முதன்மைச் சீடர் ஐவர்க்கும் தருமர், பீமர், அருச்சுனர், நகுலர், சகாதேவர் என்னும் பாண்டவர் பெயர்கள் வழங்கின. அவருள் சகாதேவச் சீடர் எனப்பட்ட அரிகோபாலன் 1841இல் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். அரச மரபுப் பெயர்கள் பனங்காட்டு மக்களிடையே நடமாடத் தொடங்கின.

1838-39இல் வைகுண்டர் கைதுசெய்யப்பட்டுத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டார். அன்று அரியணையில் இருந்தவர் சுவாதித் திருநாள். பெயருக்கு முன்பே முடி பெற்ற குழந்தை மன்னராகவும், முடி இருந்ததனால் பெயரை இழந்த குழந்தை கைதியாகவும் ஒரே நகரில் இருந்தனர்.

இன்றும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் தலைப்பாகை கட்டியே வழிபடுகின்றனர். மேல்சாதியார் முன் தலையில் துண்டு கட்டலாகாது என்றிருந்த காலத்தில் தோன்றிய வழக்கம் இது. ஒரு குழந்தையின் பெயரிலிருந்து நீக்கப்பட்ட முடி, ஒரு சமூகத்தின் தலைகள் அனைத்திலும் துணியாக ஏறியது என்று இதைப் படிக்க இடமுண்டு. அப்படிப் படித்தால், பெயர் மாற்றச் செய்தியை மரபு இவ்வளவு கருத்தாகக் காத்ததன் காரணமும் விளங்கும்.

இன்னொரு முரணும் இங்கே உண்டு. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த நாள்முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் 'பத்மநாபதாசர்' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். தாசன் என்பதும் அடியன் என்பதும் பொருளால் ஒன்றே. மன்னர் அதைத் தாமே விரும்பி ஏற்றார். ஆகவே அது விருதாயிற்று. புலையர்மீது அது சுமத்தப்பட்டது, ஆகவே தளையாயிற்று. ஒரு பெயரின் மதிப்பை அகராதி மட்டும் முடிவுசெய்வதில்லை. அதைத் தேர்ந்தவர் யார், மறுக்கும் உரிமை இருந்ததா என்பனவே முடிவுசெய்கின்றன.

2023இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பிரிந்து வாழ்ந்த பெற்றோர் பெயரில் உடன்படாமையால், பெயரற்ற பிறப்புச் சான்றிதழைப் பள்ளி ஏற்க மறுத்தது. குழந்தையின் காப்பாளர் என்ற நிலையில் நீதிமன்றமே பெயரை முடிவுசெய்தது. அங்கும் அயலார் ஒருவர்தான் பெயரிட்டார். ஆனால் குழந்தையின் நலனை முதன்மையாக வைத்து, இருவர் சொல்லையும் கேட்டு, காரணங்களை எழுதிக் காட்டிய பின் இட்டார். சாஸ்தான்கோயில்விளையில் முறையிட்டவர்கள் அக்குழந்தைக்கு எது நல்லது என்று கேட்கவில்லை.

பெயர் குறித்துப் பிறர் கருத்துச் சொல்வதில் தீங்கில்லை; பல நேரங்களில் அது உதவியே. பெற்றோர் அதைக் கேட்டுவிட்டுத் தள்ளவும் முடியும்வரைதான் அது கருத்து. பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் அந்த உரிமை இருக்கவில்லை. ஊர் அவர்களிடம் சொன்னது ஆணை.