651-ம் நம்பர் வண்டி

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தேய்மானக் கணக்குதான் ஞாபகம் வரும். ஒரு பஸ் வாங்கினால் வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, கொஞ்ச வருஷத்தில் புத்தகத்தில் அதன் மதிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவோம். அதற்குப் பிறகும் ஓடினால் லாபம்.

ஜப்பானில் ஒரு டிராம் வண்டி இருக்கிறது. 1942-ல் செய்தது. 2020-களிலும் காலை நேரத்தில் ஆபீஸ் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. நடுவில் ஒருமுறை அணுகுண்டில் எரிந்தது.

எந்த ஊர் என்று சொல்லவே வேண்டாம். ஹிரோஷிமா.

அந்த ஊருக்கு டிராம் வந்தது 1912 நவம்பரில். கோட்டையைச் சுற்றியிருந்த அகழியைத் தூர்த்து, அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். ஊரோ ஆற்றுக் கழிமுகத்தில் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆறு, ஒரு பாலம். தெற்கே உஜினா துறைமுகம். ஜப்பான் வெளிநாட்டில் சண்டை போட்டபோதெல்லாம் சிப்பாய்கள் கப்பலேறிய இடம். ராணுவம் வளர வளர ஊரும் வளர்ந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் தொழிற்சாலைகளுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. பெட்ரோல் கிடையாது. பஸ்ஸை நம்ப முடியாது. டிராமுக்கு மின்சாரம் போதும். ஹிரோடென் என்று ஊர்க்காரர்கள் கூப்பிடும் டிராம் கம்பெனி, கினாமி என்ற வண்டித் தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்து ஐந்து வண்டிகளைச் செய்து வாங்கியது. 651 முதல் 655 வரை நம்பர். மொத்தமாக 650 வரிசை என்று பெயர். அந்தக் காலத்துக்குப் பெரிய வண்டிகள்தான். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

வண்டி வந்துவிட்டது. ஓட்ட ஆள்? ஆண்களைத்தான் ராணுவம் வாரிக்கொண்டு போய்விட்டதே. கம்பெனி ஒரு யோசனை செய்தது. 1943-ல் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடமே ஆரம்பித்தது. பாதி நேரம் பாடம், பாதி நேரம் டிராம் வேலை. தங்க இடம், சாப்பாடு, கையில் கொஞ்சம் சம்பளம். அந்தக் காலத்தில் கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு மேற்படிப்பு என்பது எட்டாக் கனி. சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம் என்றால் யார் விடுவார்கள்? மலைப்பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் பதினாலு, பதினைஞ்சு வயசுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் கண்டக்டர் வேலை. அப்புறம் டிரைவர் வேலை. போர் முடியும் தறுவாயில் அங்கே சுமார் முந்நூறு பேர் இருந்தார்கள்.

1945 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை 8.15. வாரத்தின் முதல் நாள், வேலைக்குப் போகும் நேரம். டிராம்களில் கூட்டம்.

குண்டு போட வந்தவர்கள் குறிவைத்தது ஐயோய் பாலத்தை. மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி பளிச்சென்று தெரியும் பாலம் அது. அதன் மேலேதான் டிராம் தண்டவாளமும் போனது. ஆக, குறியே டிராம் பாதைதான் என்றுகூடச் சொல்லலாம். குண்டு பாலத்திலிருந்து சற்று விலகி, தரைக்குச் சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது.

651 அப்போது சுமார் 700 மீட்டர் தொலைவில் இருந்தது. தண்டவாளத்தை விட்டு விலகி, பாதி எரிந்த கூடாக நின்றது. உள்ளே இருந்தவர்கள் கதியை விவரிக்க வேண்டாம். 655 ரயில்வே ஸ்டேஷன் பக்கம் முழுசாக எரிந்தது. 653, 654 இரண்டும் எபா பகுதியில் அடிபட்டன. 652 உஜினா பக்கம் இருந்ததால் தப்பித்த மாதிரிதான். கம்பெனியிடம் இருந்த 123 வண்டிகளில் 108 சேதம். ஊழியர்களில் 185 பேர் இறந்தார்கள். டிராம் ஓட்டிய மாணவிகளில் சுமார் முப்பது பேர் போனார்கள்.

இப்படியொரு கம்பெனி என்ன செய்யும்? கதவைச் சாத்தும். கணக்கை முடிக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவர்கள் மூன்றாம் நாளே வண்டியை ஓட்டினார்கள்! ஆகஸ்ட் 9. ஊருக்கு மேற்கே கோய் என்ற இடத்திலிருந்து நிஷி டென்மா வரை. ரொம்ப தூரமில்லை, ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஒற்றைத் தடத்தில் போவதும் வருவதும். ஊருக்குள் மின்சாரம் செத்துப்போயிருந்தது. புறநகரில் ஹட்சுகாய்ச்சி என்ற இடத்திலிருந்த துணை மின்நிலையம் பிழைத்திருந்ததால் அங்கிருந்து இழுத்தார்கள். அறுந்து கிடந்த மேல்கம்பியைச் சரிசெய்ய ராணுவத்து ஆட்களும் கைகொடுத்தார்கள்.

அதே ஆகஸ்ட் 9 அன்று முற்பகல் 11.02-க்கு நாகசாகியில் அடுத்த குண்டு விழுந்தது. அங்கேயும் டிராம் உண்டு. அது மறுபடி ஓட நவம்பர் 25 ஆயிற்று.

ஹிரோஷிமாவில் அந்த வண்டிகளில் நின்றது யார்? பிழைத்த அதே பெண்கள்தான். பள்ளிக்கூடம் இடிந்துவிட்டதால் ஊருக்கு வெளியே வேறொரு பள்ளியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். கூடப் படித்தவர்களுக்கு அங்கேயே மருந்து போட்டார்கள், இறந்தவர்களைப் பார்த்தார்கள், கூப்பிட்டதும் டிராமுக்கு வந்தார்கள். காசில்லாமல் ஏறியவர்களிடம் டிக்கெட் பணம் கேட்கவில்லை என்று அவர்களில் சிலர் பிற்காலத்தில் சொன்னதுண்டு. எப்படிக் கேட்பது? ஏறியவர்கள் இருந்த கோலம் அப்படி.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் கம்பெனி பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. ஆண்கள் திரும்பி வரப்போகிறார்கள், இனி பெண்கள் தேவையில்லை. தேவைக்காக ஆரம்பித்த பள்ளி, தேவை தீர்ந்ததும் தீர்ந்தது. அத்தனை பேரும் ஊருக்குப் போனார்கள். படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. கணக்குப் பார்த்தால் கம்பெனி செய்ததில் தப்பு சொல்ல முடியாது. அந்தக் கணக்கே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

வண்டிகளை மட்டும் கம்பெனி விடவில்லை. 652 அந்த ஆகஸ்டிலேயே தயார். 653 டிசம்பரில். 654 அடுத்த பிப்ரவரியில். எரிந்த கூடாக நின்ற 651, 1946 மார்ச்சில் பயணிகளோடு ஓடியது. ஏழே மாதம்! முழுக்க எரிந்த 655-ஐக்கூட 1948-ல் திரும்பக் கட்டி எடுத்தார்கள். இதில் தியாகம், வீரம் என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. புதுசு வாங்க வழியில்லை, இருப்பதைத் தட்டிக்கொட்டி ஓட்டு. அவ்வளவுதான்.

அடுத்த ஆபத்து மோட்டார் காரிலிருந்து வந்தது. 1960-களில் ஜப்பானில் கார் பெருகியது. டிராம் நந்தி மாதிரி நடுரோட்டில் நிற்கிறது, தூக்கு அதை என்றார்கள். ஒசாகா 1969-லும், கோபே 1971-லும், கியோட்டோ 1978-லும் டிராமுக்கு மூடுவிழா நடத்தின. ஹிரோஷிமாவிலும் 1963-ல் தண்டவாளத்தின் மேல் கார்கள் போகலாம் என்று விட்டார்கள். டிராம் நகரவே முடியவில்லை. பயணிகள் குறைந்தார்கள். எல்லா ஊர்களிலும் நடந்ததுதான். ஆனால், ஹிரோஷிமா 1971-ல் உத்தரவைத் திருப்பிப் போட்டது. தண்டவாளத்தில் காருக்கு இடமில்லை, டிராமுக்கு வழிவிடு! நகரத்தைக் காப்பாற்றியது என்று எந்தக் கூட்டத்திலும் கைதட்டு வாங்காத உத்தரவு. 651 பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

மற்ற ஊர்கள் காயலான் கடைக்குத் தள்ளப் பார்த்த டிராம்களையும் ஹிரோடென் வாங்கிப் போட்டது. ஒசாகா வண்டி, கோபே வண்டி, கியோட்டோ வண்டி, ஏன், ஜெர்மனியின் டார்ட்மண்ட் வண்டிகூட. பலவற்றுக்குப் பழைய ஊரின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. ‘ஓடும் மியூசியம்’ என்று பெயர் வந்தது. பெயின்ட் செலவு மிச்சம் என்பது என் பி.காம். மூளை சொல்லும் விளக்கம். ஜப்பானிலேயே அதிகம் பேர் ஏறும் டிராம் கம்பெனி என்று அது வளர்ந்தது. 1999-ல் ஜெர்மனியின் சீமென்ஸ் செய்த, தரையோடு தாழ்ந்த நீள நீளமான வண்டிகள் வந்து இறங்கின. அதே பாதையில், முன்னும் பின்னுமாக 651-ம் 652-ம். 1980-களில் அவற்றுக்கு ஏ.சி.கூடப் போட்டுவிட்டார்கள்.

655 மட்டும் 1967-ல் ஒரு விபத்தில் முடிந்தது. அணுகுண்டில் எரிந்து எழுந்த வண்டிக்கு ரோட்டு விபத்தில் சாவு. 653-ம் 654-ம் 2006-ல் ஓய்வு பெற்றன. 654 நகரின் போக்குவரத்து மியூசியத்துக்குப் போனது.

653-க்கு மட்டும் இன்னொரு வாழ்வு கிடைத்தது. குண்டு விழுந்த எழுபதாம் ஆண்டான 2015-ல் அதைத் தூசு தட்டி, போர்க்காலத்து நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தைத் திரும்பப் பூசி, சிறப்புப் பயணமாக ஓட்டினார்கள். அதே வருஷம் அதே ஆகஸ்டில், ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி, அந்த மூன்றாம் நாள் டிராமைப் பற்றி ஒரு நாடகம் ஒளிபரப்பியது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2005-ல்தான், அந்த மாணவிகளைத் தேடிப் பேசி எழுதிய புத்தகம் ஒன்று ஜப்பானில் வெளிவந்திருந்தது. பதினாலு வயசில் டிராமில் நின்ற பெண்களுக்கு அப்போது எழுபத்தைந்து வயசு.