வாலை வாங்கப் போகிறவர்களுக்கு

கஷாயம் கொதிக்கும்போது மூடியைத் தூக்கிப் பாருங்க. உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதைச் சட்டிக்குள் விழவிடாமல் தனியாகப் பிடித்தால் அதுதான் வாலையில் வடிப்பது. பிள்ளைக்கு வயிறு உப்பினால் கொடுக்கிற ஓமத்தீநீர் இப்படி வந்ததுதான்.

இப்போ பட்டணத்திலிருந்து வருகிற நம்ம பிள்ளைகள் வேறு ஒண்ணு கேட்கிறார்கள். வேரையும் பட்டையையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சத்தை எடுக்கிறார்களாம். அந்த ஸ்பிரிட்டைத் திரும்பப் பிடிக்க வீட்டுக்கு எந்த மெஷின் வாங்கலாம் என்கிறார்கள். மெஷின்தான் புதுசு, வேலை பழசு. அதனால் பழைய கதையிலிருந்தே பதில் சொல்றேன்.

இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் ஷைகான் டேரியில் தோண்டியபோது, சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய மண் வடிகலன்கள் கிடைத்தன. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்னமும் செம்பு அண்டா, மூங்கில் குழாய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய செம்புக் குடம் வைத்தே அத்தர் எடுக்கிறார்கள். நம்ம சித்த வைத்தியர்கள் மூடி இடுக்கில் சீலைமண் பூசினார்கள். எல்லோரும் கவனித்தது மூன்றே விஷயம்: தீ, மூட்டுவாய், குளிர்ச்சி.

1879-ல் சாக்ஸ்லெட் என்பவர் பாலிலுள்ள கொழுப்பை அளக்க ஒரு கருவி செய்தார். அதில் கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி சரக்கின் மேலேயே சொட்டும். கொஞ்சம் கரைப்பானே திரும்பத் திரும்ப உழைக்கும். நாங்கள் விளைவிக்கிற நெல்லின் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் ஹெக்சேனை ஆவியாக்கி, குளிரவைத்துத்தான் திரும்பப் பிடிக்கின்றன.

இதில் சட்டமும் உண்டு. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் அது மாகாணம் முழுக்க வந்தது. எங்கள் ஜெகதாப்பட்டினம் அப்போ தஞ்சாவூர் ஜில்லா; புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததே 1974-ல்தான். அந்த 1937 சட்டம் பல திருத்தங்களோடு இன்னும் இருக்கிறது. சாராயம் காய்ச்சுகிற கலனும் ஸ்பிரிட் மீட்கிற கலனும் பார்வைக்கு ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொண்டு 'மூலிகைக்குத்தான்' என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

இனி அந்த மூன்று விஷயம். தீ: ஸ்பிரிட் 78 டிகிரியிலேயே கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். மூட்டுவாய்: சாதாரண ரப்பர் வாஷர் சில கரைப்பானில் ஊதிப்போகும், டெஃப்லான் கேளுங்க. குளிர்ச்சி: தண்ணீர் நின்றால் சூடும் தானாக நிற்க வேண்டும். எங்க ஊர் மாதிரி உப்புத் தண்ணீர் விட்டால் செம்பு களிம்பேறும், ஸ்டீலும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

தீநீர் வடிக்கும்போது மூட்டுவாய் கசிந்தால் கொஞ்சம் வாசனை போகும். ஸ்பிரிட் கசிந்தால் வீடே போகும். அதனால் வீட்டுக்கு ஓமம், வெட்டிவேர், ரோஜா வடிக்கிற சின்ன ஸ்டீல் வாலை போதும். ஸ்பிரிட் மீட்கிற வேலையை, லைசென்ஸும் தீச்சுடர் இல்லாத கூடமும் வைத்திருக்கிறவர்களிடம் விட்டுடுங்க.