1931ஆம் ஆண்டின் செந்தர நோக்கரும் கணினித் திரை வண்ண அளவுத்திருத்தச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

தொழில்முறைக் கணினித் திரைகள் இரண்டை ஒரே கருவியால் அளந்து, ஒரே வெண்மைக்குச் சீர்செய்த பின்னரும், அவை கண்ணுக்கு வெவ்வேறு வெண்மையாகத் தோன்றுவது உண்டு. இதற்குக் கருவியின் பழுதையோ பார்ப்பவரின் கண்ணையோ காரணம் காட்டுவது வழக்கம். இவ்விரண்டுக்கும் அப்பால், 1924, 1931 ஆகிய ஆண்டுகளில் ஏற்கப்பட்ட இரு செந்தரங்களிலும் இச்சிக்கலின் வேர் உள்ளது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வண்ண அளவுத்திருத்தம், செந்தர நோக்கர், ஒளிர்வுணர்திறன் வளைவு, வெண்புள்ளி, ஓ.எல்.இ.டி. திரை

முன்னுரை

அச்சு, ஒளிப்படம், திரைப்பட வண்ணச் சீரமைப்பு ஆகிய துறைகளில் கணினித் திரையின் நிறம் நம்பத்தக்கதாக இருத்தல் இன்றியமையாதது. அந்நம்பகத்தன்மையைப் பெறுவதற்கான வழியே வண்ண அளவுத்திருத்தம். திரையின் முன் நிறமானியை வைத்து, திரை வெளியிடும் ஒளியை அளந்து, வரையறுக்கப்பட்ட எண்களுக்கு ஏற்ப அதனைச் சீர்செய்வர். வெண்மைக்குரிய எண்கள் பெரும்பாலும் டி65 எனும் பகலொளிச் செந்தரத்திலிருந்து பெறப்படுகின்றன. அதன் நிற ஆயங்கள் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290 ஆகும்.

இரு திரைகளும் இதே எண்களைக் காட்டும்போது அவை ஒரே வெண்மையாகத் தோன்ற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அது பொய்க்கும்போது, எண்ணை நம்புவதா கண்ணை நம்புவதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண, அவ்வெண்கள் எவருடைய கண்களிலிருந்து பெறப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நிறத்தை எண்ணாக்கிய சோதனைகள்

மூன்று ஒளிகளைத் தக்க அளவில் கலந்து பிற நிறங்களுக்கு இணையான தோற்றத்தைப் பெறலாம் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சோதனை வழி ஆராய்ந்தார். எனினும், தொழில்துறைக்குப் பயன்படும் துல்லியமான அளவீடு 1920களின் இறுதியிலேயே கைகூடியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் 10 பேரைக் கொண்டும், டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு 7 பேரைக் கொண்டும் தனித்தனியே சோதனைகளை நடத்தினர். சோதனைக்கு உட்பட்டவர்கள் 2 பாகை அகலமுள்ள சிறிய புலத்தைப் பார்த்தனர். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் ஏறத்தாழ இவ்வளவே. புலத்தின் ஒரு பாதியில் ஒற்றை அலைநீள ஒளி தெரியும். மறு பாதியில் மூன்று ஒளிகளைக் கலந்து அதற்கு இணையான நிறத்தை அவர்கள் உருவாக்க வேண்டும்.

ரைட்டும் கில்டும் பயன்படுத்திய கருவிகளும் அடிப்படை ஒளிகளும் வேறானவை. ஆயினும், பொது அடிப்படைக்கு மாற்றியபோது முடிவுகள் நெருக்கமாக ஒத்திருந்தன. இந்த ஒப்புமையே நம்பிக்கையளித்தது. 1931ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம், அந்த 17 பேரின் பார்வைச் சராசரியைச் 'செந்தர நோக்கர்' என ஏற்றது. இன்று எந்த நிறமானி நிற எண்ணைத் தந்தாலும், அது பொதுவாக இந்தக் கற்பனை மனிதரின் பார்வையையே குறிக்கிறது.

1924ஆம் ஆண்டின் வளைவு

மேற்கூறிய சோதனைகளில் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் மூன்று ஒளிகளின் விகிதங்கள் கிடைத்தன. அவற்றின் முழு அளவுகள் கிடைக்கவில்லை. இக்குறையை நிரப்ப, அதே ஆணையம் 1924ஆம் ஆண்டில் ஏற்றிருந்த ஒளிர்வுணர்திறன் வளைவு பயன்படுத்தப்பட்டது. சம ஆற்றலுள்ள வெவ்வேறு அலைநீள ஒளிகள் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதை அவ்வளைவு காட்டுகிறது.

அவ்வளைவு ஒரே சோதனையின் விளைவன்று. வெவ்வேறு முறைகளில் பெறப்பட்ட தரவுகளை இணைத்து உருவாக்கப்பட்டது அது. ஏறக்குறைய 460 நானோமீட்டருக்குக் கீழான நீல-ஊதாப் பகுதியில், கண்ணின் உண்மையான உணர்திறனை அது மிகக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. 1931ஆம் ஆண்டின் செந்தரம் அதனைத் தளமாகக் கொண்டமையால், பழைய பிழை புதிய செந்தரத்துள்ளும் புகுந்தது.

அறிந்தும் மாற்றப்படாத பிழை

இப்பிழை நெடுங்காலம் மறைந்திருக்கவில்லை. அமெரிக்கத் தேசியச் செந்தரங்கள் பணியகத்தைச் சேர்ந்த டீன் ஜட் 1951ஆம் ஆண்டில் திருத்திய வளைவை முன்மொழிந்தார். 1978ஆம் ஆண்டில் வோஸ் அதனை மேலும் செப்பனிட்டார். ஸ்டைல்ஸ், பர்ச் ஆகியோர் 49 பேரைக் கொண்டு நடத்திய 10 பாகைப் புலச் சோதனைகளின் தரவுகளையும், சோவியத் ஆய்வாளர் ஸ்பெரான்ஸ்கயாவின் தரவுகளையும் கொண்டு 1964ஆம் ஆண்டில் துணைச் செந்தர நோக்கர் ஒன்றும் வரையறுக்கப்பட்டது.

எனினும், 1931ஆம் ஆண்டின் செந்தரம் விலக்கப்படவில்லை. சாயம், வண்ணப்பூச்சு, விளக்கு எனப் பல தொழில்களின் அளவீடுகள் அதன்மேல் நின்றன. அதனை மாற்றினால் பழைய எண்களும் புதிய எண்களும் ஒப்பிட இயலாதவை ஆகிவிடும். அன்றைய ஒளி மூலங்கள் பலவற்றில் இப்பிழையின் விளைவும் சிறியதாகவே இருந்தது. எனவே, துல்லியத்தைவிடத் தொடர்ச்சிக்கு முன்னுரிமை தரப்பட்டது. அம்முடிவின் விலையைப் பின்னாளில் வந்த திரைகள் செலுத்த நேர்ந்தது.

பாஸ்பரிலிருந்து ஓ.எல்.இ.டி. வரை

கேத்தோடு கதிர்க்குழாய்த் திரைகளின் காலத்தில் இச்சிக்கல் பெரிதாக வெளிப்படவில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் திரைகளும் ஏறத்தாழ ஒரே வகைப் பாஸ்பர்களைக் கொண்டிருந்தன. ஆகவே அவை வெளியிட்ட ஒளியின் அலைநீளப் பரவலும் ஒத்திருந்தது. செந்தரத்தில் உள்ள பிழை இரு திரைகளையும் சம அளவில் பாதித்தமையால், ஒப்பீட்டில் அது நீங்கிவிட்டது. 1996ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு, 1999ஆம் ஆண்டில் பன்னாட்டுச் செந்தரமாக ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியும் இத்திரைகளின் இயல்பை ஒட்டியே வகுக்கப்பட்டது.

ஓ.எல்.இ.டி. திரைகளும் எல்.இ.டி. பின்னொளித் திரைகளும் வந்தபோது இந்நிலை மாறியது. அவற்றின் நீல ஒளி பரவும் அலைநீளப் பகுதி பழைய நீலப் பாஸ்பரிலிருந்து வேறுபட்டது. இரண்டையும் ஒரே எண்ணுக்குச் சீர்செய்தபோது, கதிர்க்குழாய்த் திரையின் அருகில் ஓ.எல்.இ.டி. திரை மஞ்சள்-பச்சைச் சாயலுடன் தோன்றியது. தொழில்முறை ஓ.எல்.இ.டி. திரைகளை வெளியிட்ட சோனி நிறுவனம், ஜட் திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு, வெண்புள்ளியின் எக்ஸ் ஆயத்தில் 0.006, ஒய் ஆயத்தில் 0.011 குறைக்கும் ஈடுசெய்தலைப் பரிந்துரைத்தது. 1951ஆம் ஆண்டின் திருத்தம் அரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு நடைமுறைக்கு வந்தது.

பிழை காண்பதற்கான மூன்று அடுக்குகள்

இவ்வரலாறு, திரைகள் ஒத்துவராதபோது காரணத்தை மூன்று அடுக்குகளில் தேட வேண்டும் என உணர்த்துகிறது. முதல் அடுக்கு கருவி. நிறமானியின் வடிகட்டிகள் செந்தர வளைவுகளை முழுமையாக ஒத்திருப்பதில்லை. ஒரு வகைத் திரைக்குச் சரியாக அளக்கும் கருவி வேறு வகைத் திரைக்குப் பிழையாக அளக்கக்கூடும். நிறமாலைமானியால் அதே திரையை அளந்து, நிறமானிக்கு உரிய திருத்தத்தைக் கணக்கிடுவது இதற்குத் தீர்வாகும்.

இரண்டாம் அடுக்கு செந்தரம். கருவி பிழையற்றதாயினும் அது 1931ஆம் ஆண்டின் நோக்கரையே பின்பற்றுகிறது. மூன்றாம் அடுக்கு பார்ப்பவர். வயது கூடக் கண்வில்லை மஞ்சளாகி, நீல ஒளியை மிகுதியாகத் தடுக்கிறது. கூம்பு உயிரணுக்களின் உணர்திறனும் ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடுகிறது. ஆகவே ஒருவருக்கு ஒன்றாகத் தோன்றும் இரு திரைகள் மற்றொருவருக்கு வேறாகத் தோன்றலாம்.

முதல் அடுக்கைத் திருத்தியதும் பணி முடிந்ததாகக் கருதுவதே நடைமுறையில் நேரும் தவறு. கருவியின் எண்ணும் கண்ணின் தீர்ப்பும் முரணும்போது கண்ணைப் புறக்கணிப்பது, அவ்வெண் தோன்றிய வரலாற்றையே புறக்கணிப்பதாகும். நெருக்கமான ஒப்புமை தேவைப்படுமிடத்தில், குறிப்புத் திரையின் அருகில் மற்றத் திரையை வைத்துக் கண்ணால் வெண்மையை ஒப்பிட்டு, அவ்வாறு பெற்ற ஆயங்களை அத்திரைக்குரிய இலக்காகக் கொள்வதே பொருத்தமான வழி.

முடிவுரை

கூம்பு உயிரணுக்களின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்ட புதிய நிறப்பொருத்த வளைவுகளைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. எனினும், திரைத் தொழில்துறை பெரிதும் 1931ஆம் ஆண்டின் எண்களையே இன்றளவும் கையாண்டு வருகிறது. செந்தரம் என்பது இயற்கையின் நேரடி வெளிப்பாடன்று. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சிலரின் பார்வையைக் கொண்டு எட்டப்பட்ட உடன்பாடு. அதன் பயன் பெரிது. அதன் எல்லையும் உண்மையானது. சீர்செய்த இரு திரைகளுக்கு இடையே கண் காணும் வேறுபாடு, அவ்வெல்லை வெளிப்படும் இடங்களுள் ஒன்றாகும்.