ரொக்கெட் எரிபொருள்: வேகமாக எரிவதற்கு ஹென்டர்சன் கொடுத்த விலை

திண்ம ரொக்கெட் எரிபொருள் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. எரிபொருளும் அதற்கு ஒட்சிசன் வழங்கும் ஒட்சியேற்றியும் ஒரே கலவையில் இருக்கின்றன. ஆகவே பற்றிக்கொண்டால் இடைநடுவே நிறுத்த முடியாது. அமெரிக்க விண்ணோடத்தின் இருபுறமும் பொருத்தப்பட்ட உந்துகலங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 தொன் எரிபொருள் இருந்தது. அது சுமார் இரண்டு நிமிடங்களில் எரிந்து தீர்ந்தது.

இக்கலவை மேற்பரப்பில் மட்டுமே படைபடையாக எரியும். எரிவேகத்தைத் தீர்மானிப்பவை கலத்தினுள் உள்ள அமுக்கம், ஒட்சியேற்றித் துகள்களின் பருமன், சேர்க்கப்படும் ஊக்கி ஆகியனவாகும். வேகம் கூடினால் உந்துவிசை கூடும். ஆனால் எரிபொருளில் ஒரு வெடிப்பு விழுந்தால்கூட எரியும் பரப்பு பெருகி, கலமே சிதறக்கூடும்.

ஆபத்து ரொக்கெட்டுடன் முடிவதில்லை. விண்ணோட உந்துகலங்களின் ஒட்சியேற்றியான அமோனியம் பேர்குளோரேற்றைத் தயாரித்த பெப்கோன் ஆலை, நெவாடா மாநிலத்தின் ஹென்டர்சன் நகரில் இருந்தது. 1986 ஜனவரி 28 அன்று சலஞ்சர் விண்ணோடம் அழிந்ததை அடுத்து ஏவுதல்கள் நின்றன. உற்பத்தி நிற்கவில்லை. வாங்கிச் செல்ல ஆளின்றி, ஏறத்தாழ 4,000 தொன் ஆலை வளவிலேயே குவிந்தது.

1988 மே 4 அன்று அங்கே தீப்பிடித்தது. கொள்கலனிலிருந்து கொள்கலனுக்குப் பரவிய தீ, அடுத்தடுத்துப் பெரும் வெடிப்புகளாக மாறியது. இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர், மற்றவர்கள் ஓடித் தப்பியபோது தீயணைப்புப் படையை அழைப்பதற்காக உள்ளே நின்றவர். ஏறத்தாழ 370 பேர் காயமடைந்தனர். அருகிலிருந்த இனிப்புப்பண்டத் தொழிற்சாலை தரைமட்டமானது. சுமார் 16 கிலோமீற்றர் தூரம் வரை கட்டடங்கள் சேதமடைந்தன. தீ எவ்வாறு தொடங்கியது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

புதிய ஆலை அந்த நகரில் மீண்டும் எழவில்லை. யூட்டா மாநிலத்தில், சீடர் சிற்றி நகருக்கு வெளியே அமைக்கப்பட்டது. மக்களுக்கும் களஞ்சியத்துக்கும் இடையே தூரம் வேண்டும் என்பது, வெடிப்பின் பின்னரே நடைமுறைக்கு வந்தது. வெடிபொருட்களின் அருகில் வாழ்ந்த எவருக்கும் அந்தத் தூரத்தின் பெறுமதி தெரியும். அதைக் கேட்க வேண்டிய நேரம், களஞ்சியம் நிரம்புவதற்கு முன்னர்தான்.