‘புரிஞ்சுதா?’ன்னு கேட்கிறதுல இருக்கிற பிரச்சினை

போன மாசம் ஆபீஸில் புதுசா சேர்ந்த பசங்களுக்கு கிட் பற்றி ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். முதல் ஸ்லைடிலேயே ‘நோக்கம்: கிட்டைப் புரிந்துகொள்ளுதல்’ என்று பெருமையா போட்டிருந்தேன். முடிவில் "புரிஞ்சுதா?" என்றதும் எல்லா தலையும் ஆடிச்சு. மறுநாள் காலையில் அதில் ஒருத்தன் ஃபோர்ஸ் புஷ் அடிச்சு, பக்கத்து சீட்டுக்காரர் எழுதினதை எல்லாம் காலி பண்ணிட்டு வந்து நின்னான். "அண்ணா, நீங்க சொன்னப்போ புரிஞ்சுது. செய்யும்போதுதான்..."

கோபம் அவன் மேல வரல. என் ஸ்லைடு மேலதான் வந்தது.

அப்போதான் காலேஜ் வினாத்தாள் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் ‘சி.ஓ. 2’, ‘கே 3’ என்று ஏதோ இருக்கும். நாலு வருஷமா ஒருத்தனும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை (நானும்தான்). அது எங்கிருந்து வந்ததுன்னு தோண்டினதில் கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு.

கதை 1930களின் அமெரிக்காவில் ஆரம்பிக்குது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் டைலர் என்றொருவர். மற்ற துறைப் பேராசிரியர்களுக்குத் தேர்வு தயாரிக்க உதவுவது அவர் வேலை. விலங்கியல் படித்த மாணவர்களை ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதிச்சார். உறுப்புகளோட பெயர்களைப் பெருமளவு மறந்திருந்தாங்க. ஆனா கற்ற கோட்பாட்டைப் புதுச் சூழலில் பயன்படுத்தும் திறமை அப்படியே இருந்தது. அப்படின்னா தேர்வு எதைச் சோதிக்கணும்? வகுப்பு எதை நோக்கிப் போகணும்?

1933 முதல் 1941 வரை நடந்த ‘எட்டாண்டு ஆய்வு’ அவருக்குப் பெரிய மைதானமா அமைஞ்சது. சுமார் 30 பள்ளிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே அமைக்கலாம். வழக்கமான சேர்க்கை விதிகளை கல்லூரிகள் தளர்த்தும். சுதந்திரம் கிடைச்சாச்சு, பிள்ளைகள் கத்துக்கிட்டாங்களான்னு எப்படித் தெரியும்? மதிப்பீட்டுக் குழுவின் தலைவரான டைலர் தலைகீழா ஆரம்பிச்சார். முதலில் ஆசிரியர்களின் நோக்கங்களை எழுத வைத்து, அதை ‘மாணவன் என்ன செய்வான்’ என்று மாற்றி, பிறகுதான் தேர்வை உருவாக்கினார். 1949இல் வந்த அவரது சின்னப் புத்தகத்தில் இதைத் தெளிவா வைக்கிறார்: ஆசிரியர் செய்யப்போகும் வேலை நோக்கம் இல்லை, தலைப்புகளின் பட்டியலும் நோக்கம் இல்லை. மாணவனிடம் வரும் மாற்றம்தான் நோக்கம்.

டைலரிடம் சிகாகோவில் பணிபுரிந்தவர் பெஞ்சமின் புளூம். 1948இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்களுக்கு ஒரு தலைவலி. ஒருத்தர் ‘புரிதல்’ என்பதும் இன்னொருத்தர் ‘புரிதல்’ என்பதும் வேற வேற. பொதுவான பெயர்கள் இருந்தா கேள்விகளைப் பகிர்ந்துக்கலாமே! இந்த நடைமுறைத் தேவையில் பிறந்ததுதான் 1956இல் வந்த புளூமின் வகைப்பாடு: அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல். பயிற்சி வகுப்புகளில் எல்லாம் காட்டுறாங்களே ஒரு முக்கோணப் படம், அது அந்தப் புத்தகத்திலேயே கிடையாது!

அடுத்த வருஷமே புளூம் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகள் நடத்தினார். பிறகு 2014இல் பொறியியல் பட்டங்களுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினர் ஆனது. அங்கீகாரம் வேணும்னா கற்றல் விளைவுகளைக் காட்டணும். என் வினாத்தாளின் ‘கே 3’க்கு இதுதான் பூர்வீகம்.

ஆனா எனக்கு உதவினவர் ராபர்ட் மேகர். 1962இல் எழுதினார். அப்போ ஆசிரியர் இல்லாமலே படிக்கும் ‘நிரல்வழிக் கற்றல்’ பிரபலம். பையன் முகத்தைப் பார்த்து சுதாரிச்சுக்க அங்கே ஆள் இல்லை, அதனால் நோக்கத்தில் மழுப்பல் இருக்கக் கூடாது. அவர் கேட்டது மூணே விஷயம்: மாணவன் என்ன செய்வான், எந்தச் சூழலில் செய்வான், எவ்வளவு நல்லாச் செய்தா போதும். ‘புரிந்துகொள்வான்’, ‘அறிவான்’ போன்ற வார்த்தைகள் ஆபத்தானவை. கண்ணால் பார்க்க முடியாதே!

எதிர்ப்பும் வந்தது. ஓவியக் கல்வியிலிருந்து வந்த எலியட் ஐஸ்னர் 1967இல் எழுதினார்: நல்ல வகுப்பில் கிடைப்பது எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. நியாயம்தான். ஒரு கவிதையைப் படிச்சு பையன் என்ன ஆவான்னு யார் எழுதி வைக்கிறது? நோக்கம் எழுதுறதே ஒரு சடங்காகி, ஓரத்தில் நம்பர் போடுறதோட முடிஞ்சு போறதையும் நாம பார்த்தாச்சு.

ஆனா கிட் கவிதை இல்லையே. போன வாரம் மறுபடி வகுப்பு எடுத்தேன். நோக்கம் இப்படி: ‘ரெண்டு பேர் ஒரே வரியை மாத்தின ஃபைலைக் கொடுத்தால், யாரோட வேலையும் அழியாமல், உதவி கேட்காமல், 15 நிமிஷத்தில் சேர்க்கணும்.’ இதை எழுதினதுமே 40 ஸ்லைடில் 30 தேவையில்லைன்னு தெரிஞ்சு போச்சு. 20 நிமிஷம் பேச்சு, மீதி நேரம் கைவேலை.

அந்தப் பையன் சரியா சேர்த்துட்டான். வேற ரெண்டு பேருக்கு வரல. போன தடவையும் அவங்களுக்கு வந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டியிருப்பாங்க. இந்தத் தடவை யாருக்கு வரலைன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு அவங்களோட உட்காரணும்.