ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத பெயர்

பழைய ஆர்.சி. புத்தகத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுக்கிறார்கள். அன்றைக்கு நிஜமாகவே புத்தகம். வண்டி கை மாறும்போதெல்லாம் புதுப் பெயரை அலுவலக குமாஸ்தா மையினால் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, அதிகாரி கையெழுத்திட்டுத் தருவார். ஒரு வண்டியின் ஜாதகமே அதில் இருக்கும் என்று சொல்வார்கள். என் புல்லட்டின் புத்தகத்தைப் பொறுத்தவரை அது முக்கால்வாசிதான் உண்மை.

வண்டி 1963-ல் பதிவானது. 'எம்' எழுத்தில் தொடங்கும் பழைய மூன்றெழுத்து நம்பர். 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகுதான் டி.என். 01, 02 எல்லாம். புத்தகத்தில் நான்கு பெயர்கள். முதலாமவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபோர்மேன். இரண்டாமவர் திருவையாற்றுப் பக்கத்து மிராசுதார். மூன்றாமவர் கும்பகோணத்தில் நெல் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். நான்காவது நான். 1987-ல் மண்டிக்காரரின் மகனிடமிருந்து 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். நான் அப்போது தபால் துறையில் கும்பகோணத்தில் இருந்தேன்.

புல்லட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர் போன ஊர். அங்கே ஊசி செய்ய ஆரம்பித்த ஒரு கம்பெனி, பிறகு சைக்கிள் செய்து, என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்து, அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள், பிறகு எல்லாமே இங்கேயே தயாரானது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடிப் போயிற்று. திருவொற்றியூர் மட்டும் பழைய அச்சிலேயே வார்த்துக்கொண்டிருந்தது. 1977 வாக்கில் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு அனுப்பவும் ஆரம்பித்தார்கள். ஊசி விற்ற ஊருக்கு நாம் ஊசி விற்ற கதை.

346 சி.சி. இன்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். கியர் பெட்டியில் நியூட்ரலுக்கென்றே தனியாக ஒரு சின்ன மிதி இருக்கும். இன்றைய பிள்ளைகளிடம் கொடுத்தால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2004-ல், நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில், பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோனேன். பழைய வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இந்தச் சடங்கு உண்டு. முன்பும் செய்ததுதான். இந்தத் தடவை வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் இளைஞர், வேலையில் கறார். இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தில் பழைய அலுமினியப் பெயிண்ட் கனமாகப் படிந்திருந்தது. சுரண்டச் சொல்லி, காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்தார். சேசிஸ் நம்பர் புத்தகத்தோடு ஒத்துப்போனது. இன்ஜின் நம்பர் வேறு.

"இன்ஜின் மாத்தியிருக்காங்க சார். மாத்தினா ஆபீஸ்ல சொல்லி புக்கில எழுதியிருக்கணும். இது எங்கேருந்து வந்த இன்ஜின்னு ஆதாரம் கொண்டாங்க. திருட்டு வண்டியோட இன்ஜினா இருந்தா உங்களுக்குத்தான் சிக்கல்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆதாரம் இல்லையென்றால் வண்டி காயலான் கடைக்குத்தான் போகும்.

முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் விலாசத்தைத் தேடியே பிழைத்தவன் நான். அரைகுறை முகவரியோடு வந்த எத்தனையோ கடிதங்களைக் கொண்டு சேர்த்திருக்கிறோம். நான்கு பெயரில் மூன்றைத் தேடுவது பெரிய காரியமா என்று முதலிலிருந்தே ஆரம்பித்தேன்.

பொன்மலைப் பட்டறை 1928-ல் வந்தது. அதற்கு முன் தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. பொன்மலைக் காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிப் போனார்கள். நம் ஃபோர்மேனும் அப்படித்தான், 1968-ல் வண்டியை விற்றுவிட்டுப் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். பொன்மலையில் இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து உறையிலிருந்து விலாசம் எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பா காலமாகிவிட்டார், அவர் வைத்திருந்த பில்லின் நகலை இணைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். பில்லில் இருந்த இன்ஜின் நம்பரும் புத்தகத்தில் இருந்ததும் ஒன்றே. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும்போது பெட்ரோல் டாங்கியின் மேல் தன்னை உட்கார வைத்துக்கொள்வார் என்று கடைசியில் ஒரு வரி.

மிராசுதார் வீட்டில் அவர் மகன் இருந்தார், என் வயதுதான். தஞ்சை ஜில்லாவில் 1960 வாக்கில் 'பேக்கேஜ் திட்டம்' வந்தது பலருக்கு நினைவிருக்கும். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் சேர்த்துக் கொடுத்த திட்டம். அதன்பின் ஏ.டி.டி. 27 நெல் வந்து குறுவையே மாறிப்போனது. அந்த நாளில் விதை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயல் வயலாக அப்பா இந்த வண்டியில்தான் சுற்றினார் என்றார் மகன். ஒரு தடவை போர் அடித்ததோடு சரி, இன்ஜினைத் தொடவில்லை. தஞ்சாவூரில் அதைச் செய்த மெக்கானிக் அப்போதும் பட்டறை வைத்திருந்தார். அவரும் அதையே சொன்னார். வண்டி 1974-ல் மண்டிக்காரரிடம் போயிற்று.

ஆக, மாற்றம் நடந்தது 1974-க்கும் 1987-க்கும் நடுவில். எனக்கு விற்ற மகனையே கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அப்பா ஓட்டினதே கொஞ்ச நாள்தான். அப்புறம் பெட்டிக்காரர்கிட்டதானே இருந்துச்சு" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் பேச்சை மாற்றினார்.

பெட்டிக்காரர் என்றதும் எனக்குச் சட்டென்று வண்டியின் பின்புறம் நினைவுக்கு வந்தது. பின் மட்கார்டுக்கு மேல் இரண்டு இரும்புப் பட்டைகள் வெல்டிங் வைத்திருக்கும். கம்பெனி வைத்ததில்லை. எதற்கென்று பதினேழு வருடமாக எனக்குப் புரியவில்லை.

டூரிங் டாக்கீஸ் காலத்தில் படப்பெட்டி சுமப்பது ஒரு தனித் தொழில். ஒரு பிரிண்டை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்க் கொட்டகையில் ஒரே இரவில் படம் ஓட்டுவார்கள். ஒரு ரீல் ஆயிரம் அடி, ஓடுவது பதினோரு நிமிடம். மூன்று மணி நேரப் படத்துக்குப் பதினாறு ரீல் வேண்டும். முதல் கொட்டகையில் சில ரீல் ஓடி முடிந்ததும் சுற்றிப் பெட்டியில் போட்டு அடுத்த ஊருக்குப் பறக்க வேண்டும். அங்கே அரை மணி, முக்கால் மணி தாமதமாக ஆரம்பித்திருப்பார்கள். பெட்டி வர நேரமானால் திரையில் சோப்பு விளம்பர ஸ்லைடு போட்டுச் சமாளிப்பார்கள், தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். நாமும் அடித்தவர்கள்தானே! அந்த விசிலுக்கு நடுவில் இருட்டில் ஒருவர் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார் என்று அப்போது யாரும் நினைத்ததில்லை.

அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு பழைய ஆபரேட்டரைப் பிடித்தேன். புல்லட் என்றதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த 'டப டப' சத்தம் ரோட்டுல கேட்டாலே நான் கார்பனை ரெடி பண்ணிடுவேன்" என்றார். பெட்டிக்காரர் 1983-ல் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார், மனைவி பாபநாசத்தில் மகளோடு இருக்கிறார் என்றும் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது இருக்கும். புல்லட் நம்பரைச் சொன்னதும், நான் யார் என்று கூடக் கேட்கவில்லை. "வண்டி ஓடுதா?" என்றுதான் கேட்டார். ஓடுகிறது என்றேன். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார்.

மேலாகவே இருந்தது நான் தேடிய காகிதம். 1982-ல் போலீஸ் இலாகா கழித்துக் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை 850 ரூபாய்க்கு ஏலம் எடுத்த ரசீது. அதில் இருந்த இன்ஜின் நம்பரும் என் வண்டியின் இன்ஜின் நம்பரும் ஒன்றே. ஓர் இரவு இரண்டாவது பெட்டியோடு போகும்போது கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க் கேஸைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். புது இன்ஜினுக்கு வழியில்லை. ஏலத்தில் எடுத்த போலீஸ் புல்லட்டின் இன்ஜினை இதில் பூட்டிக்கொண்டார். புத்தகம் அவர் பெயரில் இல்லாததால் எங்கே போய் எதைப் பதிவது?

ஏன் அவர் பெயரில் இல்லை என்பது அந்தப் பெட்டியில் இருந்த அடுத்த பொருளில் இருந்தது. நாற்பது பக்க நோட்டு. 1981 ஜூனில் மண்டிக்காரரிடம் வண்டியை 3,250 ரூபாய்க்குப் பேசி எடுத்திருக்கிறார். மாதம் 125 வீதம் 26 தவணை. கடைசித் தவணை கட்டியதும் பெயர் மாற்றித் தருவதாகப் பேச்சு. 1983 மார்ச் வரை 22 தவணை கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரே மண்டிக்காரரின் சுருக்கெழுத்து. ஏப்ரலில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆள் வந்து, பாக்கி இருக்கிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிய 2,750 ரூபாயைப் பற்றிப் பேச்சே இல்லை. கையில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை. யாரிடம் போய் நியாயம் கேட்பார்?

இதையெல்லாம் அவர் அழாமல், கோபப்படாமல், பால் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. நான் 6,500 கொடுத்தது யாருக்கு என்று தோன்றிவிட்டது. சட்டப்படி என் மேல் குற்றமில்லை. புத்தகத்தில் பெயர் இருந்தவரின் வாரிசிடம், முறையாகக் கையெழுத்து வாங்கி, விலை கொடுத்து வாங்கிய வண்டி. சட்டம் புத்தகத்தைப் பார்க்கும், நோட்டைப் பார்க்காது.

ரசீதை வாங்கிக்கொண்டு போய்ப் புது நம்பரைப் புத்தகத்தில் ஏற்றினேன். ஒரு வாரத்தில் புதுப்பித்தும் கொடுத்துவிட்டார்கள். ரசீதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நோட்டைக் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார்.

மண்டிக்காரர் மகனிடம் நோட்டை விரித்து வைத்தேன். முதலில் சத்தம் போட்டார். "அப்பா காலத்துக் கணக்கு சார் இது. இருபது வருஷம் கழிச்சு வந்து கேக்கறீங்களே, உங்களுக்கு இதுல என்ன?" என்றார். "தம்பி, தினமும் நான்தானே அதுல ஏறி உட்கார்றேன்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார். நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கணவரின் எழுத்தை அவருக்குத் தெரியாதா? "நீ எவ்வளவுக்கு வித்தே?" என்று மகனைக் கேட்டார். தொகையைச் சொன்னார். "அதைக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பணம் வர மூன்று வாரம் ஆயிற்று. வந்தது. 6,500 ரூபாயைக் கவரில் போட்டு, அந்த புல்லட்டிலேயே பாபநாசம் போனேன். தெருவில் சத்தம் கேட்டதுமே அந்த அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிவந்து, பின்னால் இருந்த இரும்புப் பட்டைகளை மட்டும் தொட்டுப் பார்த்தார். மணியார்டர் பட்டுவாடா எத்தனையோ பார்த்தவன், கையெழுத்து வாங்காமல் பணம் கொடுத்தது அன்றுதான்.

அவர் இரண்டு தடவை எண்ணினார். அதிலிருந்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"நாலு தவணை பாக்கி இருந்துச்சே சார். இதை அவங்ககிட்ட சேர்த்துடுங்க."

மறுநாள் காலை மண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.