விரைவுப் புனைமொழியாக்கம்

முன்கூட்டியே விதித்த கட்டுப்பாடுகளுக்கு அடங்கி, குறுகிய கெடுவுக்குள் ஒரு புதிய மொழியை ஒலி, சொல், இலக்கணம் ஆகியவற்றோடு உருவாக்குவதே விரைவுப் புனைமொழியாக்கம். கெடுவைத் தீர்மானிப்பது ஒரு படப்பிடிப்புத் தேதியாக இருக்கலாம். ஆர்வலர்கள் தமக்குள் நடத்தும் போட்டியாகவும் இருக்கலாம். கட்டுப்பாடுகள் பலவிதம். இன்னின்ன ஒலிகள் கூடாது, நடிகர்களின் வாயில் நுழைய வேண்டும், நாவலில் ஏற்கெனவே அச்சாகிவிட்ட பெயர்களோடு ஒத்துப்போக வேண்டும், மொத்தச் சொற்கள் இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று அவை அமையும். இப்படி ஆக்கப்படும் மொழியைச் செயற்கை மொழி என்றும் சொல்வதுண்டு. யாரோ ஒருவர் உட்கார்ந்து புனைந்தது என்பதால் புனைமொழி என்ற பெயரே பொருத்தம்.

இதற்கு நேர்மாறான மரபும் உண்டு. எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்விய மொழிகளை இளமையில் தொடங்கி, இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். சாமன்ஹாஃப் பள்ளி நாட்களில் தொடங்கிய முயற்சி 1887இல்தான் எசுப்பெராண்டோ என்ற பொதுமொழியாக அச்சேறியது. அந்த மொழிகளில் ஒவ்வொரு முடிவையும் ஆக்கியவரே எடுத்தார்; எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு அவகாசமும் இருந்தது. விரைவாகச் செய்யும் மொழியில் பாதி முடிவுகளை வேறு யாரோ முன்பே எடுத்துவிட்டிருப்பார்கள். வேலை வேகமாக நடப்பதற்கு அதுவே முதல் காரணம். கட்டுப்பாடே இல்லாமல் மொழி செய்ய உட்காருபவர் பெரும்பாலும் உயிரெழுத்து ஐந்தா ஏழா என்ற கேள்வியைத் தாண்டுவதற்கே திணறுகிறார்.

வேலை முறை

வழக்கமாக ஒலிகளில் தொடங்குவார்கள். எந்தெந்த ஒலிகள் உண்டு, அவை எப்படிச் சேர்ந்து அசையாகும் என்று வகுத்துவிட்டால், எத்தனை சொற்களுக்கு இடம் இருக்கிறது என்பது கணக்காகவே வந்துவிடும். கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மெய்யொலிகள் 9, உயிரொலிகள் 5. இரண்டையும் பெருக்கினால் 45 அசைகள். அவற்றில் யி, தி, வொ, வு என்ற நான்கும் விலக்கப்பட்டவை, மீதி 41. மெய் இல்லாமல் தனித்து நிற்கும் உயிர்கள் 5 சேர்ந்தால் 46. ஒவ்வோர் அசையும் விரும்பினால் ன் என்ற ஒரே ஒற்றில் முடியலாம் என்பதால், ஆக மொத்தம் 92. இந்த 92 அசைகளுக்குள் முழு மொழியும் அடங்கியாக வேண்டும்.

சொல்லுக்கும் அவர் வரம்பு வைத்தார். 2014இல் வெளிவந்த அவருடைய நூலில் இருப்பவை 120 சொற்கள். வண்டிக்குத் தனிச் சொல் இல்லை. 'தோமோ' என்றால் வீடு, 'தவா' என்றால் நகர்வது, ஆகவே 'தோமோ தவா' வண்டி. 'தெலோ' நீர், 'நசா' விசித்திரமானது. 'தெலோ நசா' மதுபானம். ஒவ்வொரு தொடரிலும் பேசுபவர் தாம் எதைச் சொல்ல வருகிறோம் என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வரம்பை விதித்ததன் நோக்கமும் அதுதான். 2022இல் இம்மொழிக்கு 'டோக்' என்ற பன்னாட்டு மொழிக் குறியீடு கிடைத்தது.

ஒலிகளுக்குப் பிறகு சொல்வரிசை, வேற்றுமை, காலம், எதிர்மறை, வினா என்று இலக்கணத்தின் எலும்புக்கூட்டை அமைக்க வேண்டும். அதன்பின் ஒரு சிறு பத்தியை மொழிபெயர்த்துப் பார்ப்பது வழக்கம். குறைகள் அங்கேதான் தெரியும். 'நேற்று வந்தவன்', 'வந்தால் தருவேன்' போன்றவற்றைச் சொல்ல வழியில்லை என்பது பட்டியல் போடும்போது தெரியாது.

கிளிங்கன்

கட்டுப்பாடுகள் ஒரு மொழியை எப்படி உருட்டித் திரட்டும் என்பதைக் கிளிங்கனைப் போல வெளிப்படையாகக் காட்டும் மொழி வேறில்லை. 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளிக் கதைகளில் வரும் கிளிங்கன் இனத்தாரின் அந்த மொழியை உருவாக்கியவர் அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட். கலிஃபோர்னியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான, பேசுவோர் அற்றுப்போன முட்சுன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து 1977இல் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் காது கேளாதோருக்கான தொலைக்காட்சி வசன எழுத்துகளைத் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

1982இல் வெளியான இரண்டாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் ஸ்பாக், சாவிக் என்ற இருவர் பேசும் காட்சியை ஆங்கிலத்தில் படமாக்கிவிட்டு, பிறகு அதை வல்கன் என்ற வேற்றுக் கோள் இனத்தின் மொழிக்கு மாற்ற நினைத்தார்கள். வாயசைவு ஏற்கெனவே படச்சுருளில் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் ஒலிகளைக் கொண்டு சொற்களைச் செய்ய வேண்டும். இதைத்தான் ஓக்ரண்ட் முதலில் செய்து கொடுத்தார். டப்பிங் வசனம் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும். அவர்களுக்காவது சொற்கள் மொழியில் இருக்கின்றன, இவர் சொல்லையே செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து, 1984இல் வந்த மூன்றாவது படத்துக்காகக் கிளிங்கன். இங்கே கட்டுப்பாடுகள் கூடின. 1979இல் வெளியான முதல் படத்தில் கிளிங்கன் தளபதி சில கட்டளைகளைக் கத்துவார். அந்த வரிகளின் ஒலிகளை அமைத்தவர், தொடரில் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன். அவை புதிய மொழியிலும் செல்லுபடியாக வேண்டும். கேட்பதற்குக் கரகரப்பாக, தொண்டையிலிருந்து வர வேண்டும். அதேசமயம் நடிகர்கள் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பூமியில் எங்குமே இல்லாத ஒலிகளை ஓக்ரண்ட் தேடவில்லை. இருக்கிற ஒலிகளையே வழக்கத்துக்கு மாறாகச் சேர்த்தார். நம் 'வண்டு' என்ற சொல்லில் வரும் நாமடி டகரம் கிளிங்கனில் உண்டு. அதற்கு இணையாக வல்லொலி டகரம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், அந்த இடத்தில் பல்லருகே ஒலிக்கும் த் போன்ற ஒலிதான் இருக்கிறது. உலக மொழிகளில் மிகப் பரவலான ககரம் இதில் இல்லை. அதைவிடப் பின்னால், உள்நாக்கில் பிறக்கும் இரண்டு ஒலிகள் இருக்கின்றன. மொழிகள் பொதுவாக ஒலிகளை இணை இணையாகவும் வரிசை வரிசையாகவும் வைத்துக்கொள்ளும். அந்த ஒழுங்கைக் கலைத்ததால்தான் கிளிங்கன் வேற்றுக் கோள் மொழியாகக் காதில் விழுகிறது. சொல்வரிசையிலும் இதே உத்தி: செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். பிரேசிலில் பேசப்படும் ஹிஷ்கார்யானா போன்ற மிகச் சில மொழிகளில் மட்டுமே காணப்படும் வரிசை இது.

படப்பிடிப்புத் தளத்தில் மொழி மேலும் மாறியது. நடிகர் வரியைத் தவறாகச் சொல்லி, காட்சி நன்றாக அமைந்துவிட்டால் அதை மறுபடி எடுக்க மாட்டார்கள். அப்போது அந்தத் தவறே சரியான வடிவம் என்று ஓக்ரண்ட் தம் குறிப்பைத் திருத்திக்கொள்வார். எடுத்து முடித்த காட்சிக்குத் திரையடி எழுத்தில் வேறு பொருள் கொடுத்துவிட்டால், ஒலித்த சொற்களிலிருந்தே அந்தப் பொருளை வரவழைக்க வேண்டும். இப்படித்தான் 'நெஹ்' என்ற ஒரே வடிவத்துக்கு 'மட்டும்' என்றும் 'விரும்பு' என்றும் இரண்டு பொருள்கள் கிளிங்கன் அகராதியில் இருக்கின்றன. மேசையில் அமர்ந்து ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் இந்த மாதிரி முடிச்சுகள் விழுந்திரா. இயல்பான மொழிகளில் பல தலைமுறைப் பேச்சு உண்டாக்கும் மேடுபள்ளங்களை இங்கே படப்பிடிப்பின் விபத்துகள் உண்டாக்கிக் கொடுத்தன. கிளிங்கனின் உயிர்ப்புக்கு இந்த விபத்துகளே காரணம் என்பேன்.

தாமே போட்ட விதியிலும் ஓக்ரண்ட் மாட்டிக்கொண்டார். 'இரு' என்பதற்குக் கிளிங்கனில் வினைச்சொல் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார். 1991இல் வெளியான ஆறாவது படத்தில் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற வினாவைக் கிளிங்கனில் சொல்ல வேண்டும் என்றார்கள். இருப்பதா, இல்லாமல் போவதா என்பதுதான் அந்த வினாவே! 'வாழ்' எனப் பொருள்படும் 'யின்' என்ற சொல்லை வைத்து ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கிளிங்கன் தளபதியாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அது மென்மையாகப் பட்டது. பிறகு ஓக்ரண்ட் 'தொடர்ந்து நிலைத்திரு' என்ற பொருளில் 'தஹ்' என்ற சொல்லைப் போட்டார். நடிகரின் தொண்டைக்கு அது பிடித்துப் போயிற்று, மொழிக்கும் நிலைத்தது.

டோத்ராக்கி, வலீரியன், நாவி

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு டோத்ராக்கி மொழி வேண்டும் என்று 2009இல் எச்பிஓ நிறுவனம் தேடியபோது, புனைமொழியாளர்களின் சங்கமான மொழியாக்கச் சங்கத்தின் மூலம் ஒரு போட்டி நடந்தது. வென்றவர் டேவிட் பீட்டர்சன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில் அச்சான பெயர்களும் துணுக்குச் சொற்களும் ஒன்றுகூட மாறக் கூடாது, நடிகர்களுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். படப்பிடிப்புக்கு முன்பே 1700க்கு மேற்பட்ட சொற்கள் தயாராகிவிட்டன. டோத்ராக்கிகள் குதிரையில் வாழும் மக்கள். அந்தப் பெயருக்கே சவாரி செய்வோர் என்ற பொருள் வைத்தார்.

பீட்டர்சனின் திறமை இன்னும் தெளிவாகத் தெரிவது, பின்னர் அதே தொடருக்காகச் செய்த உயர் வலீரிய மொழியில். நாவல்களிலிருந்து அவருக்குக் கிடைத்தவை பெயர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்களும்தான். அவற்றுள் ஒன்று 'வலார்'. அதற்கு நாவல் தரும் பொருள் 'எல்லா மனிதரும்'. ஒரே சொல்லுக்குள் 'எல்லா' என்பது எப்படி ஒளிந்திருக்கும்? 'வலா' என்றால் ஒரு மனிதன், ஈற்றில் வரும் ர் தொகுதி முழுவதையும் குறிக்கும் விகுதி என்று அவர் பிரித்தார். ஒருமை, பன்மையோடு தொகுதிக்கு ஒன்று, சிலவற்றுக்கு ஒன்று என நான்கு எண்கள் கொண்ட ஒரு முழு இலக்கணமே அதிலிருந்து விரிந்தது. ஒரு சொல்லின் நெருக்கடி இலக்கணத்தின் ஓர் அதிகாரத்தையே பெற்றெடுத்ததற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

'அவதார்' படத்துக்காகப் பால் ஃப்ராமர் 2005இல் தொடங்கிய நாவி மொழிக்கு, இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் சுமார் 30 சொற்களைக் கொடுத்திருந்தார். மீதியை ஃப்ராமர் நிரப்பினார். நாவி மக்களுக்குக் கைக்கு நான்கு விரல்கள் என்பதால் அவர்களுடைய எண்கள் எட்டை அடிப்படையாகக் கொண்டவை. உடலமைப்பும் ஒரு கட்டுப்பாடுதான்.

கிளிக்கி

2015இல் வெளியான 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி மொழியை உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்தபோது குழந்தைகளோடு விளையாட்டாகச் செய்து பார்த்த சிறு சொற்பட்டியல்தான் அதன் வித்து. படத்துக்காக அது சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட மொழியாக வளர்ந்தது. தெலுங்கு, தமிழ் இரண்டிலும் படமான கதை. காலகேயர் மொழியோ இரண்டிலும் ஒன்றே. ஆகவே இரு மொழி ரசிகர்களுக்கும் அது ஒரே அளவு அந்நியமாகவும் அச்சமூட்டுவதாகவும் ஒலிக்க வேண்டியிருந்தது. நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் அதற்குக் கைகொடுத்தன. எதிர்ப்பொருளுக்கு ஒலியைத் திருப்பிப் போடும் உத்தியும் உண்டு: 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. கற்பவருக்கு உடனே மனத்தில் நிற்கும் அமைப்பு இது. 2020 பிப்ரவரி 21, தாய்மொழி நாளன்று கிளிக்கிக்கு எழுத்துருவும் இணையதளமும் வெளியாயின.

ஆர்வலர் போட்டிகளும் பொதுவான தவறும்

திரைப்படம் இல்லாமலே, பயிற்சிக்காக ஓரிரு வாரக் கெடு வைத்து மொழி செய்யும் போட்டிகளைப் புனைமொழி ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். இதழொலிகள் இருக்கக் கூடாது, பன்மை விகுதி கூடாது, தெரிந்ததைக் கண்டதா கேட்டதா என்று வினையிலேயே காட்ட வேண்டும் என்பவை போன்ற விதிகளை நடத்துபவர் தருவார். செய்பவர் ஓர் இலக்கணச் சுருக்கத்தையும் சில மொழிபெயர்ப்புத் தொடர்களையும் சமர்ப்பிக்க வேண்டும். கற்பனைக்கு எட்டாதவை என்று தோன்றும் விதிகளுக்கும் உலகில் முன்மாதிரி உண்டு. வட அமெரிக்காவின் மோகாக் மொழியின் சொந்தச் சொற்களில் ப, ம போன்ற இதழொலிகள் இல்லை.

அவசரத்தில் நேரும் பெரிய தவறு, தாய்மொழிக்கு வேறு சட்டை மாட்டிவிடுவது. சொற்கள் மட்டும் புதிதாக இருக்கும். தொடரமைப்பும் பொருள் எல்லைகளும் பழையபடியே இருக்கும். தமிழர் ஒருவர் மொழி செய்தால் வினை தானாகவே கடைசியில் போய் நிற்கும், 'எனக்குப் பசிக்கிறது' என்ற அமைப்பு கேட்காமலே வந்துவிடும், நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கூடவே வரும். ஒரு கடுமையான விதியை முன்னால் வைப்பதே இதற்கு மருந்து. சில்வியா சோடோமயோர் தம் கேலென் மொழியில் வினைச்சொற்களையே விலக்கினார். நான்கே நான்கு உறவுச் சொற்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. அப்படி ஒரு விதி இருந்தால் தாய்மொழி உள்ளே நுழைய இடமே இருக்காது.

உரிமையும் வாழ்வும்

புனைமொழி யாருக்குச் சொந்தம்? ரசிகர்கள் எடுத்த ஒரு 'ஸ்டார் ட்ரெக்' படத்தின் மீது, அதன் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குத் தொடுத்தபோது, கிளிங்கன் மொழியும் தங்கள் உடைமைகளுள் ஒன்று என்று குறிப்பிட்டன. மொழி யாருக்கும் தனிச்சொத்தாகாது என்று 2016இல் மொழியாக்கச் சங்கம் நீதிமன்றத்தில் வாதுரை தாக்கல் செய்தது. அந்த உரையிலேயே கிளிங்கன் சொற்கள் இடம்பெற்றன. 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மொழியைப் பற்றிய கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை.

ஆனால் ஒரு மொழி தன்னை உண்டாக்கிய வேலையைத் தாண்டி நிலைப்பது எதனால் என்பதில் ஐயமில்லை. ஓக்ரண்டின் கிளிங்கன் அகராதி 1985இல் அச்சானது. அதை வைத்துத்தான் பலர் கற்றார்கள், 1992இல் கிளிங்கன் மொழி நிறுவனம் தொடங்கியது, ஹாம்லெட் முழுவதும் அம்மொழிக்கு வந்தது. தமிழில் நாவலுக்கோ படத்துக்கோ தொடருக்கோ மொழி செய்கிறவர்கள், வேலை முடிந்த கையோடு சொற்பட்டியலையும் இலக்கணக் குறிப்பையும் ஒரு சிறு நூலாகவாவது வெளியிட வேண்டும்.